எண்பத்தொரு இதழ்கள்

சீனர்களின் மரபு நாட்காட்டி, சூரியனின் போக்கைக் கொண்டு ஆண்டை 24 பருவக் கூறுகளாக வகுத்துள்ளது. 2016 இல் யுனெஸ்கோவும் இதனைப் பண்பாட்டு மரபாக ஏற்றுக்கொண்டது. அவற்றுள் 22 ஆவது, 'டொங்ஜி'. குளிர்காலத்தின் உச்சம் என்பது பொருள். டிசெம்பர் 21 அல்லது 22 இல் வரும். அன்றுதான் ஆண்டின் மிக நீண்ட இரவு. எமது தைப்பொங்கலும் சூரியன் வடக்கே திரும்புவதைத்தான் கொண்டாடுகிறது; ஆனால் உண்மையான திருப்பம் டிசெம்பரிலேயே நடந்து விடுகிறது.

அன்று வடசீனாவில் இறைச்சியும் மரக்கறியும் உள்ளே வைத்து மடித்து அவித்த பண்டம் உண்பார்கள். தெற்கில் இனிப்பு நீரில் மிதக்கும் அரிசிமா உருண்டை. இரண்டுமே எங்கள் கொழுக்கட்டைக்குக் கிட்டிய உறவு.

என்னைக் கவர்ந்தது சாப்பாடு அல்ல, பெண்களின் கணக்கு. பண்டைய அரண்மனைத் தையற்காரிகள், டொங்ஜி கழிந்தபின் நாளுக்கு ஒரு நூல் வேலை கூடுதலாகச் செய்யலாம் என்பார்களாம். பகல் நீள்வதை அவர்கள் ஊசியால் அளந்திருக்கிறார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒன்பது பூக்கள், பூவுக்கு ஒன்பது இதழ்கள் கொண்ட பிளம் கிளையொன்றைத் தாளில் வரைந்து யன்னலில் ஒட்டுவார்கள். டொங்ஜி தொடங்கி நாளுக்கு ஓர் இதழுக்கு நிறம். காலையில் முகம் அலங்கரிக்கும்போது கன்னத்துக்குப் பூசும் சிவப்புச் சாயத்தையே பெண்கள் அதற்கும் தொட்டு வைத்ததாகப் பழைய குறிப்பொன்று சொல்கிறது. 81 இதழும் நிறைந்தால் மார்ச் நடுப்பகுதி வந்து விடும், குளிர் போய்விடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வெளிச்சம் திரும்பிய மறுநாளே குளிர் குறைவதில்லை. முதல் நாட்களில் பகல் கூடுவது சில விநாடிகள்தான். நிலம் வாங்கும் சூட்டைவிட இழக்கும் சூடே இன்னும் அதிகம். ஆகவே மிகக் கொடிய குளிர் மூன்றாம் ஒன்பதில், அதாவது ஜனவரி நடுப்பகுதியை அண்டித்தான் வரும். மூன்றாம் பூவுக்கு நிறம் தீட்டியவளின் விரல் விறைத்திருக்கும். அவளுக்கு அது முன்பே தெரியும்.

காணாமற் போனவருக்காக நாட்காட்டியில் கோடு போட்டு வைத்திருக்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அந்தக் கணக்கையும் இதையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். சீனப் பெண்ணின் தாளில் முடிவு 81 என்று வரையப்பட்டிருக்கிறது.

சிலர் இதழுக்குப் பதிலாக வட்டம் வரைந்து, மேற்பாதியில் தீட்டினால் மப்பு, கீழ்ப்பாதியில் வெயில், இடப்பக்கம் காற்று, வலப்பக்கம் மழை, நடுவில் வைத்தால் பனி என்று குறித்தார்கள். நிறைந்த தாளைப் பார்த்து அவ்வாண்டு விளைச்சல் எப்படியிருக்கும் என்று கதைப்பார்கள்.