கலர் படமா, கோட்டுப்படமா?
நம் மூட்டைக்கும் பாக்கெட்டுக்கும் எது பொருந்தும்?



சொந்தமாகப் பாக்கெட் போடும் மளிகைக் கடைக்காரர்கள் இன்று பெருகிவிட்டார்கள். பருப்பு, மல்லித்தூள், சாம்பார் பொடி, அப்பளம் என எதை எடுத்தாலும் அதற்கு ஒரு பெயர், ஒரு படம், ஒரு பை தேவைப்படுகிறது. அச்சகத்தில் போய் உட்கார்ந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணாச்சி, மல்டி கலரா, சிங்கிள் கலரா?" என்பதுதான். கலர் என்றால் கண்ணைப் பறிக்கும் என்று நாமும் உடனே தலையாட்டிவிடுகிறோம். அப்படித் தலையாட்டி நாங்கள் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டோம். அந்த அனுபவத்தையும், அதன்பின் நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நாங்கள் பட்ட பாடு

எங்களுடையது விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம். தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் சாக்கின் மேல் ஒரு மரக்கால் படம் இருக்கும். ஒரு மரக்கால், அதற்கு இரண்டு பூண், மேலே குவிந்த தானியம், அவ்வளவுதான். ஏழெட்டுக் கோடுகளில் முடிந்துவிடும். சணல் சாக்குக் காலத்தில் தகரத்தில் வெட்டிய அச்சை வைத்து மை தடவினோம். பிளாஸ்டிக் சாக்கு வந்தபோது அதே படம் பச்சை மையில் ஒரே கலரில் அச்சானது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் எங்கள் கடைப் பெயரைச் சொல்லி யாரும் பருப்பு கேட்டதில்லை. "மரக்கால் மார்க் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

2009-ல், "எல்லாரும் கலருக்கு மாறிட்டாங்க, நம்ம சாக்கு மட்டும் பழசாத் தெரியுது" என்று வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். சரியென்று லேமினேஷன் செய்த பளபளப்பான சாக்குக்கு ஏற்பாடு செய்தோம். உதய சூரியன், பச்சை வயல், துவரைச் செடி, வெள்ளித் தட்டில் பருப்பு எனப் பல வண்ணத்தில் படம் வந்தது. மரக்கால் ஒரு மூலையில் ரூபாய்க் காசு அளவுக்குப் போய்விட்டது. சாக்கைக் கையில் வாங்கியபோது எங்களுக்கே பெருமையாகத்தான் இருந்தது.

முதல் லோடு போய்ச் சேர்ந்த மறுநாளே போன் வர ஆரம்பித்தது. "அண்ணாச்சி, மரக்கால் கேட்டா வேற ஏதோ சரக்கு அனுப்பியிருக்கீங்களே?" என்றார்கள். சரக்கு அதே சரக்குதான் என்று நாங்கள் சொன்னதைக் கடைக்காரர் நம்பினார். அவர் கடைக்கு வந்த வாடிக்கையாளர் நம்பவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் சாக்கைப் பார்த்துவிட்டு, "இது அது இல்லை" என்று கிளம்பிவிட்டார்கள். ஒரு ஊரிலிருந்து பன்னிரண்டு மூட்டை திரும்பியே வந்துவிட்டது. போதாக்குறைக்கு, அதே வருடம் இன்னும் மூன்று கடைக்காரர்கள் வயலும் சூரியனும் போட்ட சாக்கோடு சந்தைக்கு வந்திருந்தார்கள். நான்கையும் வரிசையாக அடுக்கினால் எது யாருடையது என்று எங்கள் சுமை தூக்கும் ஆட்களுக்கே தெரியவில்லை. சாக்குக்கும் அச்சு உருளைக்கும் போட்ட பணம் போனது. அதைவிட, நாற்பது வருடமாகச் சேர்த்த பெயர் இரண்டே மாதத்தில் ஆட்டம் கண்டது.

கலரின் பலம்

இதனால் கலர் வீண் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சரக்கை விற்பதில் கலர் படத்துக்கு உள்ள சக்தி பழமையானது. வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் நம் நாட்டுக்கு அனுப்பிய துணிப் பீஸ்களில், நம் தெய்வங்களின் வண்ணப் படங்களை அச்சிட்டு ஒட்டி அனுப்பின. துணி தீர்ந்த பிறகும் மக்கள் அந்தப் படத்தைப் பத்திரப்படுத்தினார்கள். ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனிக் கல் என்ற முறையில் அவரது ஓவியங்கள் அங்கே அச்சாகி, அரண்மனையில் இருந்தவை ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தன.

நம் பக்கத்து ஊரான சிவகாசியின் கதையும் இதுதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சுத் தொழில் வளர்ந்தது. அச்சுத் தொழில் வளர்ந்ததால் காலண்டர் வந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையா ராஜுவும் அவரது சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் போனார்கள். அந்தக் காலண்டர்களின் அடியில் கடைப் பெயரைப் போட்டுக் கொடுக்காத வணிகர் உண்டா?

காலண்டரில் படமே அன்பளிப்பு. அது வருடம் முழுவதும் சுவரில் தொங்கும். அங்கே கலர் வேண்டும், நல்ல கலராகவே வேண்டும். அதேபோல மிளகாய்த்தூளின் சிவப்பும் மஞ்சள்தூளின் மஞ்சளும் சரக்கைப் பற்றிய சேதியைச் சொல்கின்றன. புதிய வாடிக்கையாளரின் கண்ணை அலமாரியில் முதல்முறை நிறுத்துவது கலர்தான். இதை மறுப்பதற்கில்லை.

கோட்டின் பலம்

ஆனால் முதல்முறை நிறுத்துவது வேறு, மறுமுறை நினைவுபடுத்துவது வேறு. அந்த இரண்டாவது வேலையைக் கோட்டுப்படம்தான் நன்றாகச் செய்கிறது.

நம் வயதுக்காரர்களுக்குப் பழைய வாரப் பத்திரிகைகள் நினைவிருக்கும். கலர் படம் பெரும்பாலும் அட்டைக்கும் தீபாவளி மலருக்கும்தான். உள்ளே எல்லாம் கறுப்புக் கோடுதான். ஆனாலும் கோபுலு வரைந்த தில்லானா மோகனாம்பாளின் முகங்களை நாம் மறந்தோமா? சில்பி வரைந்த கோயில் சிற்பங்களைக் கத்தரித்து வைத்திருந்த வீடுகள் எத்தனை! நல்ல கோடு, வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் காட்டுகிறது. அதனால்தான் அது மனத்தில் தங்குகிறது.

இன்னொரு உதாரணம். ஏசியன் பெயின்ட்ஸ் கம்பெனிக்கு 1954-ல் ஆர்.கே. லட்சுமண் 'கட்டு' என்ற சுட்டிப் பையனை வரைந்து கொடுத்தார். கையில் பிரஷ், நெற்றியில் விழும் முடி, சில கோடுகள். நிறத்தையே விற்கிற கம்பெனி தன் அடையாளமாகப் பல காலம் வைத்திருந்தது ஒரு கோட்டுப் பையனைத்தான்! 1966-ல் வந்த அமுல் சிறுமிக்குக் கலர் உண்டு. ஆனால் அந்தக் கலரை எடுத்துவிட்டுப் பார்த்தாலும், புள்ளி போட்ட கவுனும் உச்சிக் குடுமியும் அவள் யார் என்று சொல்லிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று தேர்தல் சின்னம். 1951-52 முதல் பொதுத் தேர்தலில் வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்காகத்தான் எளிய சின்னங்கள் வந்தன. தேர்தல் ஆணையத்தில் வரைவாளராக இருந்த எம்.எஸ். சேத்தி பென்சிலால் வரைந்தவை பல. 2015 முதல் வேட்பாளரின் புகைப்படமும் வாக்குச் சீட்டில் சேர்ந்தது. 2025 பீகார் தேர்தலில் அந்தப் புகைப்படம் கலருக்கு மாறியது. சின்னமோ இன்றும் கோட்டுப்படம்தான்.

அச்சில் நடப்பது என்ன?

முழு வண்ணப் படம் என்பது நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு மைக்கும் ஒரு தனித் தகடு அல்லது உருளை வேண்டும். அவை நான்கும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். நல்ல வழவழப்புத் தாளில் அது அழகாக வரும். நெய்த சாக்கிலும், மலிவான பையிலும், நாளிதழிலும் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து படம் கலங்கிவிடும். ஒரு கலர் நகர்ந்தால் போதும், சாமிக்கு இரண்டு மூக்கு வந்துவிடும்.

கோட்டுப்படத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரே மை, ஒரே தகடு. சாக்கிலும் அச்சாகும், பில் புத்தகத்திலும் அச்சாகும். ரப்பர் ஸ்டாம்பாகவும் வெட்டலாம். வெயிலில் கலர் வெளுத்தாலும் உருவம் நிற்கும். இன்று நம் சரக்குப் படம் வாட்ஸ்அப்பில் விரல் நகம் அளவுக்குத்தான் தெரிகிறது. அந்த அளவில் வயலும் சூரியனும் வெறும் கலர்த் திட்டாகிவிடும். மரக்கால் மரக்காலாகவே தெரியும்.

கலரை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு அரசே ஒரு பாடம் தந்திருக்கிறது. உணவுப் பாக்கெட்டில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்றிருந்தது. நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆகவே 2020-ம் ஆண்டு லேபிள் விதிமுறைகளில் அசைவக் குறி பழுப்பு முக்கோணமாக மாற்றப்பட்டது. நிறம் தவறவிட்டதை வடிவம் பிடித்துக்கொண்டது.

சட்டம் சொல்வது

நம் வணிகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. 1999-ம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம் 10-வது பிரிவின்படி, ஒரு சின்னத்தைக் கலர் வரையறை இல்லாமல் பதிவு செய்தால் அது எல்லா வண்ணங்களுக்கும் பதிவானதாகக் கருதப்படும். குறிப்பிட்ட கலர்ச் சேர்க்கைக்கு வரையறுத்துப் பதிவு செய்தால், உரிமையும் அந்தச் சேர்க்கையோடு நின்றுவிடும். ஆகவே கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படமாகப் பதிவு செய்தவருக்கு வேலி அகலமாகிறது. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும், 2017 விதிகளின்படி, இணையவழியில் ஒரு வகுப்புக்கு ரூ.4,500 கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

கலருக்குப் பாதுகாப்பே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. பற்பொடி டப்பாவின் சிவப்பு-வெள்ளைச் சேர்க்கையை மற்றொரு கம்பெனி பின்பற்றியது என்று கோல்கேட் தொடுத்த வழக்கில், 2003-ல் டில்லி உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியது. ஆனால் அந்தச் சிவப்பைக் கோல்கேட்டோடு சேர்த்து நினைக்க மக்களைப் பழக்குவதற்கு எத்தனை வருட விளம்பரம் ஆகியிருக்கும்! நம்மைப் போன்றவர்களுக்கு அது எட்டாது.

படம் வரைந்து கொடுத்த ஓவியரிடமிருந்து பதிப்புரிமையை எழுத்து மூலம் வாங்கிக்கொள்ளவும் மறக்கக்கூடாது. வாய்ப்பேச்சு செல்லாது.

என்ன செய்யலாம்?

முதலில் கோட்டுப்படத்தை முடிவு செய்யுங்கள். அதன்பின் கலர் சேருங்கள். கீழே உள்ள மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள்.

1. டிசைனைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுங்கள். அப்போதும் நம் மார்க் தெரிகிறதா?

2. அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள். அப்போதும் தெரிகிறதா?

3. படத்தை ஒரு குழந்தையிடம் காட்டி, என்ன என்று கேளுங்கள். ஒரே சொல்லில் பதில் வருகிறதா? வந்தால், அந்தச் சொல்லைச் சொல்லித்தான் நாளை வாடிக்கையாளர் கடையில் கேட்பார்.

எடை, விலை ஆகியவை பின்னணியிலிருந்து பளிச்சென்று வேறுபடும் நிறத்தில் இருக்க வேண்டும் என்பது பொட்டலப் பொருள் விதி. வண்ணப் படத்தின் மேல் அவற்றைப் புதைத்துவிட்டு, அதிகாரி வந்த பிறகு வருந்துவதில் பயனில்லை.

நாங்கள் அந்தப் பளபளப்புச் சாக்குகளை ஓரங்கட்டிவிட்டு, வெள்ளைச் சாக்கில் பச்சைக் கோட்டு மரக்காலைப் பெரிதாகப் போட்டோம். குவிந்த பருப்புக்கு மட்டும் மஞ்சள் கொடுத்தோம். பிள்ளைகளுக்கும் மனக்குறை இல்லை. கலர் சாக்கைத் திருப்பி அனுப்பிய ஊரிலிருந்து அடுத்த பங்குனியில் ஆர்டர் வந்தது. "மரக்கால் திரும்பி வந்துருச்சுன்னு கேள்விப்பட்டோம் அண்ணாச்சி, பதினைந்து மூட்டை போட்டு விடுங்க" என்றார் கடைக்காரர். அந்தச் சாக்கு போன இடமெல்லாம் இன்றும் அதே பெயர்தான் சொல்லிக் கேட்கிறார்கள்.

அச்சகத்துக்குப் போகுமுன் உறுப்பினர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.