மல்லாந்து படுத்துத் தொடங்குங்கள்

பிலாட்டீஸ் என்றதும் ஸ்பிரிங்கும் கயிறுமாக நிற்கும் நீளக் கட்டில் போன்ற கருவிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ரிஃபார்மர் எனப்படும் அது நல்ல கருவிதான். ஆனால் அது வீட்டில் இல்லையே என்று யாராவது இந்தப் பயிற்சியிலிருந்தே ஒதுங்கினால் எனக்கு வருத்தமாக இருக்கும். இதை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1945-இல் வெளியிட்ட புத்தகத்தில் 34 பயிற்சிகள் இருக்கின்றன. எல்லாமே தரையில் ஒரு விரிப்பைப் போட்டுச் செய்பவை.

அவர் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ் என்று நோஞ்சானாக இருந்து, ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று தேடித் தேடி உடம்பைத் தேற்றிக்கொண்டவர். முதல் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்ததால், எதிரி நாட்டுக்காரர் என்று மேன் தீவின் முகாமில் அடைத்துவிட்டார்கள். உடன் அடைபட்டவர்களுக்கு அங்கே பயிற்சி சொல்லிக்கொடுத்தார். 1926-இல் நியூயார்க் போய், துணைவி கிளாராவோடு சேர்ந்து எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் நடத்தினார். நடனக்காரர்கள் அங்கே நிறைய வந்தார்கள். இப்போது வீடியோக்களில் நாம் பார்க்கும் அழகான நீட்டலும் தூக்கலும் பெரும்பாலும் அப்படிப் பழகிய உடம்புகளுடையவை. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உடம்பு அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை.

முதலில் விரிப்பு. மெல்லிய யோகா மேட் மட்டும் போட்டால் முதுகெலும்பு தரையில் உறுத்தும். அதற்கு அடியில் ஒரு ஜமக்காளத்தை மடித்துப் போடுங்கள். மெத்தை வேண்டாம், இடுப்பு அதில் புதைந்துவிடும், எது அசைகிறது என்றே தெரியாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது போகட்டும். படுத்துக்கொண்டே கழுத்தைத் திருப்பிப் போனைப் பார்க்காதீர்கள். வீடியோவை முன்னதாகவே, டீ குடிக்கும் நேரத்தில் முழுசாகப் பார்த்துவிடுங்கள். பயிற்சியின்போது குரலை மட்டும் கேட்டால் போதும்.

இனி மல்லாந்து படுங்கள். முழங்கால்களை மடக்கி, பாதங்களை இடுப்பகலத்துக்குத் தரையில் ஊன்றுங்கள். தாடை கூரையை நோக்கித் தூக்கிக்கொண்டால் தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். இரு உள்ளங்கைகளையும் விலாவின் பக்கங்களில் வைத்து, மூக்கால் மூச்சை இழுங்கள். விலா பக்கவாட்டில் விரிந்து கையைத் தள்ள வேண்டும். பிறகு வாயால் நிதானமாக விடுங்கள். விலா உள்ளே கூடும், அடிவயிறு தானாக உள்வாங்கும். யோகா வகுப்பில் வயிறு எழும்ப மூச்சிழுத்துப் பழகியவர்களுக்கு இது முதலில் இடறும். ஒன்று சரி, மற்றது தப்பு என்றில்லை. இங்கே வேலை செய்யும்போது அடிவயிறு லேசாக இறுகியே இருக்க வேண்டும் என்பதால் மூச்சை விலாவுக்கு அனுப்புகிறோம்.

இதில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். வயிற்றுத் தசைகளில் ஆக உள்ளே இருக்கும் அடுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிபோல, முன்னிருந்து முதுகுவரை இடுப்பைச் சுற்றி ஓடுகிறது. மேலே உதரவிதானம், கீழே சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைகள், பின்னால் முதுகெலும்பை ஒட்டிய குட்டித் தசைகள். இந்த நான்கும் சேர்ந்து வேலை செய்தால்தான் கீழ்முதுகுக்குப் பிடிமானம். மூச்சை முழுவதும் விடும்போது அந்த உள்ளடுக்கு இயல்பாகவே இறுகுகிறது. அதனால்தான் சிரமமான பகுதியில் மூச்சை விடச் சொல்கிறார்கள். முழு பலத்தோடு வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். இறுக்கியபடியே சாதாரணமாகப் பேச முடிந்தால் அந்த அளவு போதும்.

அடுத்தது இடுப்பு. கீழ்முதுகைத் தரையில் அழுத்திப் பாருங்கள், பிறகு வளைத்துத் தூக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் உண்டு. உள்ளங்கைகளின் அடிப்பகுதியை இரு இடுப்பெலும்பு முனைகளிலும், விரல் நுனிகளைத் தொடைகள் சேரும் இடத்துக்கு மேலே உள்ள எலும்பிலும் வைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அது தரைக்கு இணையாக இருந்தால் அதுதான் அந்த நடு இடம். அங்கே முதுகுக்கும் தரைக்கும் இடையே சிறிய இடைவெளி இருக்கும், இருக்கட்டும்.

இப்போது மூச்சை விட்டபடி ஒரு காலை மட்டும், முழங்கால் மடங்கியபடியே, இடுப்புக்கு நேர்மேலே தூக்கி, மெல்ல இறக்குங்கள். பிறகு மறு கால். பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் அந்த முக்கோணம் ஆடாமல் இதைச் செய்து பாருங்கள்! பெரும்பாலானவர்களுக்கு இடுப்பு ஒரு பக்கம் சாயும், அல்லது வயிறு மேடாகப் புடைக்கும். புடைத்தால் சுமை கூடிவிட்டது என்று அர்த்தம். பாதத்தை முழுசாகத் தூக்காமல் குதிகாலை மட்டும் எழுப்புங்கள். என்னைக் கேட்டால் பிலாட்டீஸே இதுதான். கை காலை வீசுவது யாராலும் முடியும். அவை அசையும்போது நடு உடம்பு அசையாமல் நிற்பதைத்தான் பழக வேண்டியிருக்கிறது. முதல் சில வாரங்களுக்கு இதோடு, பாதத்தை ஊன்றி இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவதையும், குப்புறப் படுத்து நெஞ்சைக் கொஞ்சமே உயர்த்துவதையும் சேர்த்துக்கொண்டால் நிறைவான பயிற்சி.

ஹண்ட்ரட் என்ற பயிற்சி பிலாட்டீஸின் புத்தகத்தில் முதலில் வருவது. தலையையும் கால்களையும் தூக்கி, கைகளை மேலும் கீழும் அடித்தபடி, 5 எண்ணிக்கைக்கு மூச்சிழுத்து 5 எண்ணிக்கைக்கு விட வேண்டும். பத்து சுற்றில் 100. முதலாம் நாளே அதைச் செய்யச் சொல்லும் வீடியோக்களோடு எனக்கு உடன்பாடில்லை. வயிறு தாங்காதபோது தலையின் பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்கும். தலையும் பாதமும் தரையிலேயே இருக்க, கையையும் மூச்சையும் மட்டும் பழகுங்கள். மீதி தானாக வரும்.

சிலருக்கு இன்னும் கவனம் வேண்டும். எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ் இருப்பவர்கள் முதுகை முன்னால் சுருட்டி எழும் ரோல்-அப்பையும், பந்துபோல உருளும் பயிற்சியையும் விட்டுவிட வேண்டும். அவை முதுகெலும்பில் முறிவை உண்டாக்கக்கூடும். அம்மாவையும் மாமியாரையும் சேர்த்துக்கொண்டு செய்யும் வீடுகளில் இதை மறக்கக் கூடாது. கர்ப்பிணிகளும், பிரசவமோ சிசேரியனோ ஆனவர்களும், டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களும் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். காலில் மின்னல்போல வலி இறங்கினாலோ மரத்துப்போனாலோ அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள்.

தொப்பை கரையுமா என்ற கேள்விக்கு நேரான பதில்: ஓர் இடத்துக் கொழுப்பை அந்த இடத்துப் பயிற்சியால் கரைக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும், வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்புக்கு நடையோ சைக்கிளோ தனியாக வேண்டும். பிலாட்டீஸ் வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் செய்வதைவிட அதில் பலன் அதிகம். முடித்ததும் விருட்டென்று நேராக எழுந்து உட்காராதீர்கள். ஒரு பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். இடுப்பை நடு இடத்தில் வைத்திருக்கும் பழக்கம் அங்கேயும் தொடரட்டும்.