மலைக்கு மரம், வயலுக்குப் பறவை

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமம் செல்லும் பாதையில் இன்று நல்ல மரநிழல் உண்டு. 1980-களில் இம்மலையின் பெரும்பகுதி புல்லும் பாறையுமாகவே இருந்தது. ஆடுமாடு மேய்ச்சல், விறகு வெட்டு, கோடைத் தீ ஆகியவையே காரணம். மரங்கள் அழிந்ததால் பறவைகள் கூடு கட்ட இடமும் உண்ணப் பழமும் குறைந்தன.

கூட்டு முயற்சி

மலையை மீண்டும் பசுமையாக்க 1988-ல் அண்ணாமலை ரீபாரஸ்டேஷன் சொசைட்டி தொடங்கப்பட்டது. 2003 முதல் பாரஸ்ட் வே என்ற அறக்கட்டளையும் வனத்துறையுடன் சேர்ந்து இப்பணியைச் செய்து வருகிறது. உள்ளூர் மரங்களின் நாற்றுகளை வளர்த்து மழைக்காலத்தில் நடுகிறார்கள். கோடைக்கு முன் காய்ந்த புல்லை அறுத்துத் தீத்தடுப்புப் பாதை அமைக்கிறார்கள். தீப்பிடித்தால் ஊர்க்காரர்களும் மலையேறி அணைக்கிறார்கள்.

மரம் வந்ததும் பறவைகளும் இதில் பங்கெடுக்கின்றன. ஆல், அத்தி, வேம்புப் பழங்களைத் தின்னும் குயிலும் கொண்டைக்குருவியும் எச்சத்தின் மூலம் விதைகளைப் பரப்புகின்றன. ஆள் ஏற முடியாத பாறை இடுக்குகளிலும் கன்றுகள் முளைக்க இதுவே வழி.

விவசாயிக்கு லாபம்

பறவைகளால் அடிவார வயல்களுக்கும் பயன் உண்டு. கரிச்சான் குருவி, மைனா முதலியவை பயிரை அழிக்கும் புழுக்களைப் பிடித்துத் தின்னும். கூகை இரவில் எலிகளை வேட்டையாடும். நிலக்கடலை வயலில் ஏக்கருக்குச் சுமார் 20 இடங்களில், பயிரைவிட ஓரடி உயரமாக, 'டி' வடிவக் குச்சிகளை நட்டால் பறவைகள் அமர வசதியாகும். தானியப் பயிரில் பால் பிடிக்கும் தருணத்தில் இவற்றை அகற்றிவிட வேண்டும்.

மயில் தொல்லை

விதைத்த கடலையை மயில்கள் கிளறித் தின்பது விவசாயிகளின் நியாயமான குறை. ஆயினும் விஷம் வைப்பது தீர்வாகாது. 1963-ல் தேசியப் பறவையான மயிலைக் கொல்வது, 1972-ம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மேலும் விஷ தானியத்தை மைனாவும் புறாவும் வீட்டுக் கோழியும் தின்று மடியும். விதைத்தது முதல் முளைத்து வேரூன்றும் வரை காலையும் மாலையும் காவல் காப்பதும், வரப்பைச் சுற்றிப் பளபளக்கும் நாடா கட்டுவதும் சேதத்தைக் குறைக்கும்.

முன்னோர் காட்டிய வழி

பறவைகளைக் காக்க விவசாயிகள் ஒன்றுசேர்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு 1798-ல் பாதுகாப்பு உத்தரவு பெற்றனர். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

திருவண்ணாமலை விவசாயிகளும் இக்கூட்டில் சேரலாம். மலையோர நிலங்களில் கோடையில் தட்டையையும் வரப்புப் புல்லையும் கொளுத்தாமல், மட்கவைத்து உரமாக்கலாம். வரப்பிலுள்ள வேம்பையும் பனையையும் வெட்டாமல் விடலாம். மலையில் புகை கண்டால் உடனே வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த மரங்களை ஒரு தீப்பொறி ஒரே பகலில் அழித்துவிடும். அவற்றை நம்பி வந்த பறவைகளும் வயலை விட்டுப் போய்விடும்.