தொடாமலே எரியும் கால்

நம் சங்கத்து அன்பர் ஒருவர் ரயில்வேயில் ஷண்டிங் வேலை பார்ப்பவர். சில ஆண்டுகட்கு முன் பணியிடத்தில் அவர் தொடையில் பலத்த அடிபட்டது. புண் ஆறிற்று, எலும்பும் கூடிற்று. ஆயினும் பாதத்தின்மேல் வேட்டி ஓரம் பட்டாலே துடிக்கிறார். “புண்ணே இல்லாத இடத்தில் தீப்பட்டாற்போல் எரிகிறது அண்ணா, சொன்னால் யார் நம்புகிறார்கள்?” என்றார். படம் எடுத்துப் பார்த்த வைத்தியர் ஒருவர், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டாராம். அவர் பொருட்டே நாம் இதைப் பற்றிப் படிக்கலானோம்.

நரம்பு காயமுற்றால் இவ்வாறு எரியும் என்பது புதிய செய்தியன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்களிடம் கண்டதை வியர் மிச்செல் என்னும் வைத்தியர் 1872-இல் நூலாகவே வெளியிட்டார். ஆனால் காரணத்தை ஆராய்வது எப்படி? மனிதனின் நரம்பை வேண்டுமென்றே நசுக்கிப் பார்க்க இயலாதன்றோ! அப்பணி எலியின் தலையில் விழுந்தது.

முதலில் நரம்பை முற்றிலும் அறுத்துப் பார்த்தனர். கால் உணர்விழந்தது, எலி தன் விரல்களைத் தானே கடித்துக்கொண்டது. அது வலியினாலா, மரத்துப்போனதாலா என்று அறிஞர்களே வாதிட்டனர். 1988-இல் பென்னெட், ஷியே என்னும் இருவர் வேறு வழி கண்டனர். எலியை மயக்கத்தில் ஆழ்த்தி, தொடையில் இறங்கும் பெருநரம்பைச் சுற்றிக் குடல் நூலால் நான்கு கட்டுகள் இட்டனர். இறுக்கவில்லை, தளர்வாகவே கட்டினர். நரம்பு தானே வீங்கி அக்கட்டுகளில் நெருக்குண்டது. இரண்டாம் நாளே வலிக்குறிகள் தோன்றி இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தன. எலி அப்பாதத்தை ஊன்றாமல் காத்துக்கொண்டது. நம் அன்பர் அமர்ந்திருக்கும் பாங்கும் அதுவே!

எலிக்கோ வாயில்லை. கம்பிவலைமேல் அதனை நிறுத்தி, கீழிருந்து மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொடுவர். முன்பு பொறுத்த இழைக்கு இப்போது காலை இழுத்துக்கொண்டால் வலி மிகுந்தது என்பர். சரி, தொடாதபோதும் எரிகிறதே, அதை எவ்வாறு அறிவது? 2009-இல் வெளியான ஒரு சோதனை நம்மை வியப்பில் ஆழ்த்தியது. நரம்பு கட்டப்பட்ட எலிக்கு ஓர் அறையில் தண்டுவடத்தில் வலி தணிக்கும் மருந்து. மற்றோர் அறையில் மருந்தில்லா நீர். பின்னர் விருப்பம்போல் உலவ விட்டபோது, மருந்து பெற்ற அறையையே அது நாடிற்று. காயமில்லாத எலி அவ்வாறு நாடவில்லை.

வலியை அறிய வலி தருவது நமக்கு உறுத்தாமலில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிய முயற்சியின் பின் 1960-இல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், இத்தகைய சோதனைகளை மேற்பார்வையிடக் குழு அமைக்க வழி செய்தது. எலிக்குக் குணம் தந்த மருந்துகள் பல மனிதருக்குப் பயன்படாமற் போனதும் உண்டு.

இரண்டு அறைகளின் கதையை அன்பருக்குச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். “எலி சொன்னதை நம்பியிருக்கிறார்களே, அண்ணா” என்றார். வரும் வாரம் அவரை நரம்பு நிபுணரிடம் அழைத்துச் செல்கிறோம்.