ப்ளஸ் டூ என்றால் தோழிகள் கூடாதா?

"அவ ப்ளஸ் டூ. இந்த வருஷம் எதுக்கும் வரமாட்டா." கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவரிடம் இப்படிச் சொல்லாத வீடு குறைவு. கேட்பவரும் சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் போகிறார். ஜூன் மாதமே கேபிள் இணைப்பைத் துண்டித்துவிடுகிறோம். விடிகாலை நாலரைக்கு எழுப்பல், பள்ளி முடிந்ததும் ஸ்பெஷல் கிளாஸ், அங்கிருந்து ட்யூஷன், வீடு சேர எட்டரை. ஞாயிறு நீட் கோச்சிங். ட்யூஷன் விட்டதும் தோழியோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசியபடி வரும் கால் மணி நேரம்தான் அவளுக்கென்று மிஞ்சுவது. அப்பா பைக்கில் வந்து அழைத்துப்போகத் தொடங்கினால் அதுவும் போயிற்று.

பெற்றோரின் பயம் பொய்யில்லை. ஒரு மதிப்பெண்ணில் சீட் கை நழுவுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் நட்பையும் விளையாட்டையும் 'காலேஜுக்குப் போய் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைக்க முடியாது. சண்டை போட்டுச் சமாதானமாவது, கேலியைத் தாங்குவது, மனசில் இருப்பதை ஒருத்தியிடம் சொல்வது எல்லாம் இந்த வயதில் கூடப்பிறக்காதவர்களோடு பழகித்தான் வரும். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் வாடுகிறார், அது மிக அதிகமாகத் தாக்குவது பதின்வயதினரை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை. பதின்வயதினர் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க ஆட வேண்டும் என்பதும் அந்த நிறுவனத்தின் பரிந்துரைதான். உலகெங்கும் 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டுவதில்லை.

பெண்பிள்ளைகளுக்குக் கதவு இன்னும் சீக்கிரமே சாத்தப்படுகிறது. ஏழாம் வகுப்பு வரை தெருவில் ஷட்டில் ஆடியவள், சடங்கு முடிந்த மறுவாரம் வாசற்படியில் உட்கார்ந்து தம்பி ஆடுவதைப் பார்க்கிறாள். காரணம் கேட்டால் பாதுகாப்பு என்கிறோம். இது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்: உறவினர், அக்கம்பக்கத்தார், பழகியவர். அப்படி ஒன்று நடந்தால் பல பெண்கள் முதலில் வாய் திறப்பது தோழியிடம். தோழி இல்லாமல் வளர்க்கப்படுகிறவள் யாரிடம் சொல்வாள்?

வெளியே போக வழியில்லாத பிள்ளைக்கு மிஞ்சுவது செல்போன். அதில் பழக்கமாகும் முகம் தெரியாத 'அண்ணா' ஒருநாள் படம் கேட்பான், பிறகு அதை வைத்தே மிரட்டுவான். அப்போது பிள்ளையை அடிக்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், பணமும் அனுப்பாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்களோடு 1930 எண்ணிலோ தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ புகார் கொடுங்கள். போக்சோ சட்டப்படி பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று பயந்து புகாரைத் தள்ளிப்போட வேண்டாம். போனைப் பிடுங்கி வைப்பது பல வீடுகளில் முதல் வைத்தியம். வேறு கூட்டாளிகளே இல்லாத பிள்ளையிடம் அதைச் செய்தால், மிச்சமிருக்கும் ஒரே வாசலையும் அடைத்தவர்களாவோம்.

பேச்சு குறைந்த பிள்ளைகள் எல்லாரும் நோயாளிகள் அல்ல. புத்தகத்தோடோ படம் வரைந்துகொண்டோ தனியாக இருப்பதில் நிம்மதி காண்பவர்கள் உண்டு, அவர்களைக் கூட்டத்தில் தள்ள வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது மாற்றத்தை. கலகலவென்று இருந்தவள் ஊமையாகிறாளா, சாப்பாடும் தூக்கமும் தலைகீழாகின்றனவா, பிடித்த பொருளைத் தூக்கிக் கொடுக்கிறாளா, 'நான் இல்லாட்டா உங்களுக்கு நிம்மதி' என்கிறாளா? கடைசியாகச் சொன்ன இரண்டில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஆள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பிறகு 14416-ஐ அழையுங்கள். அது மத்திய அரசின் டெலி மனஸ் சேவை, கட்டணம் இல்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களே நேரடியாக அழைக்க 1098 இருக்கிறது. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம்.

சட்டமும் பிள்ளைகள் பக்கம்தான். 1992-இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும், 15-ஆவது பிரிவு கூடிப் பழகுவதையும் 18 வயது வரை உரிமையாகச் சொல்கின்றன. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவி இறந்த வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்கள் தந்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனம் தகுதியுள்ள மனநல ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். கோச்சிங் சென்டர்களும் இதில் அடக்கம். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனி பேட்ச்களாகப் பிரிப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். ஃபீஸ் கட்டும் நாளில் "உங்க கவுன்சிலர் யாரு?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுக்கலாம், மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம்.

இத்தனைக்கும் பிறகு, பிள்ளைகள் கூட ஓர் இடம் வேண்டுமே. அடுக்ககங்களில் 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை, தெருவில் கார்கள். பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக 10 சதவீத நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. பேச்சுவழக்கில் ஓ.எஸ்.ஆர். நிலம். உங்கள் பகுதியில் அது எங்கே, யார் கையில் என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். நகரத்தில் அந்தப் பதிலோடு வார்டு கவுன்சிலரைப் பாருங்கள். கிராமத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். விளையாட்டுத் திடல், பெண்பிள்ளைகளுக்கென்று அதில் தனி நேரம், மாலையில் எரியும் விளக்கு, ஊர்ப்புற நூலகம் சாயங்காலமும் திறந்திருப்பது என்று தீர்மானம் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.