உங்களுக்குத் தெரியுமா? கல்லறைத் தோட்டத்தில் கேமரா!

முன்பின் தெரியாத ஒருவருடைய கொள்ளுத் தாத்தாவின் கல்லறையைத் தேடிப் பிடித்து, படம் எடுத்து அனுப்புவதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். சம்பளம்? ஒரு பைசா கிடையாது!

பிரபலங்களின் கல்லறைகளைத் தேடிப் போவது அமெரிக்கர் ஜிம் டிப்டனின் பொழுதுபோக்கு. அதற்காக 1995-ல் அவர் தொடங்கியதுதான் 'ஃபைண்ட் எ கிரேவ்' இணையதளம். இன்று அதில் மறைந்தவர்கள் 20 கோடிப் பேருக்கு மேல் பதிவாகியிருக்கிறார்கள்! "எங்க பாட்டி கல்லறையைப் படம் எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டால் போதும், பக்கத்து ஊர்க்காரர் யாராவது கிளம்பிவிடுவார்!

நம்ம கரிசல் காட்டில் அவர்களுக்கு என்ன வேலை என்கிறீர்களா? விளாத்திகுளத்திலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு வண்டியை விடுங்கள். 1799-லும் 1801-லும் கட்டபொம்மன் கோட்டையைப் பிடிக்க வந்து மாண்ட கும்பினிப் படை வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன!

கட்டபொம்மனுக்கு? 1799 அக்டோபர் 16, கயத்தாறில் தூக்கு. கல்லறை எழுப்ப யார் விடுவார்கள்? அந்த வழியாகப் போன ஜனங்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டார்கள். போடப் போட அங்கே ஒரு கற்குவியலே எழும்பிவிட்டது. எழுத்தே இல்லாத கல்வெட்டு! என்னைக் கேட்டால், முதலில் படம் எடுத்திருக்க வேண்டியது அதைத்தான்!

எட்டயபுரம் ஒரே ஊர்தான், சமாதிகளோ இரண்டு. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியதும் அங்கேதான். 1835-ல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் அங்கேதான்!

சிவகாசியில் பட்டாசுச் சத்தம் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே, 1858-ல் அங்கே உயிர் விட்டவர் ராக்லண்டு என்ற மிஷனரி. கேம்பிரிட்ஜில் படித்த மேதை!

செல்போன் இல்லாத காலத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் திரட்டிப் புத்தகமாகவே போட்டுவிட்டார். ஆண்டு 1905!

சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தைச் சுற்றிலும் கல்லறைக் கற்கள் பதித்திருக்கும். அங்கே 1652-ல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல்கூட உண்டு. ஆனால் கல்லுக்கு அடியில் ஆள் கிடையாது! 1758-59-ல் முற்றுகையிட்ட பிரெஞ்சுக்காரர்கள் பழைய இடுகாட்டுச் சமாதிகளின் மறைவில் நின்று சுட்டார்கள். 'இனி அந்த மறைவே வேண்டாம்' என்று கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து பதித்துவிட்டார்கள்!

ஜி.யு.போப் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதியிருப்பதாகப் பள்ளியில் படித்தோமே? ஆக்ஸ்போர்டில் இருக்கும் அந்தக் கல்லின் படத்தைப் பாருங்கள். அப்படி ஒரு வரியே இல்லை! குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றுதான் இருக்கிறது. எத்தனை வருஷப் பேச்சு! ஒரே ஒரு போட்டோ காலி பண்ணிவிட்டது!

நீங்களும் படம் எடுக்கப் போகிறீர்களா? உச்சி வெயிலில் எடுத்தால் தேய்ந்த எழுத்து தெரியவே தெரியாது. அதே கல்லைக் காலைச் சாய்வெயிலில் பாருங்கள், பெயர் பளிச்! வெயில் சரியில்லையா? பக்கவாட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து ஒளியைத் திருப்புங்கள். சாக்பீஸைத் தேய்க்காதீர்கள், கம்பி பிரஷ் பக்கமே போகாதீர்கள். கல் போய்விடும்!

உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தையும் சீமைக்கருவேலம் மூடிக்கொண்டிருக்கிறதா? தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். நாலு படம் எடுத்துப் போடுங்கள். ஃபிலிமா செலவாகப் போகிறது!