உங்களுக்குத் தெரியுமா? கடலைக் காட்டும் கேமரா

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், காபி ஜாடி காலியா என்று இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ள 1991-ல் ஒரு கேமராவை வைத்தார்கள். உலகின் முதல் வெப்கேம் அதுதான். 1993-ல் அது இணையத்துக்கும் வந்தது.

அடுத்த மூன்றே ஆண்டுகளில் அந்த யோசனை கடற்கரைக்கு வந்துவிட்டது. 1996-ல் கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் கடற்கரையில் சர்ஃப்லைன் நிறுவனம் நேரலைக் கேமரா பொருத்தியது. அதற்கு முன்பெல்லாம் இன்று அலை எப்படி என்று அலைச்சறுக்குக்காரர்கள் இதே நிறுவனத்துக்குப் போன் போட்டுத்தான் கேட்பார்கள்.

கேமரா 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், தெளிவான நாளில் சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தொடுவானம் வரை தெரியும். உயரம் கூடக்கூட இந்தத் தூரமும் கூடும். ஆனால் ஒன்று, விடுதி மாடி போன்ற உயரத்தில் வைத்த கேமராவில் பார்க்கும்போது பெரிய அலையும் தட்டையாகத்தான் தெரியும். தண்ணீரில் யாராவது நிற்கிறார்களா பாருங்கள். அலை அவர் இடுப்பளவா, தலைக்கு மேலா என்று பார்த்தால் உண்மை புரியும்.

குடும்பத்தோடு கடலில் குளிக்கப் போகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. வரிசையாக அலை உடைந்து நுரைக்கும் இடத்தில், நடுவே கொஞ்சம் இடம் மட்டும் நுரையில்லாமல், கருத்து, அமைதியாகத் தெரியும். பிள்ளைகளை இறக்க இதுதான் நல்ல இடம் என்று தோன்றும். பல நேரம் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் அங்கேதான் இருக்கும். அலையோடு கரைக்கு வந்த தண்ணீர் மணல்திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. பள்ளம் ஆழமானது என்பதால் அலை அங்கே சரியாக உடைவதில்லை. அமெரிக்காவின் ஓரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராப் ஹோல்மன் குழு இதைப் படத்தில் பிடிக்க நல்ல வழி கண்டது. 10 நிமிடக் காட்சி முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்கினார்கள். மணல்திட்டு வெள்ளைப் பட்டையாகவும், இழுப்பு ஓடும் வழி அதைக் குறுக்கே அறுக்கும் கருங்கோடாகவும் தெரிந்தது. இப்படிப் படமெடுக்கும் 'ஆர்கஸ்' என்ற கேமரா நிலையம் ஒன்றை 1992-ல் ஓரெகனின் யாக்வினா முனையில் நிறுவினார்கள். நீங்களும் நேரலையை ஒரு நொடி பார்த்துவிட்டு மூடாதீர்கள். சில நிமிடம் விடாமல் பார்த்தால், நுரை எந்தப் பக்கம் போகிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும்.

கரீபியன் தீவான செயின்ட் மார்ட்டினில் உள்ள மாஹோ கடற்கரையில், தலையை உரசுவதுபோல விமானங்கள் இறங்கும். அதைப் பார்ப்பதற்கென்றே அங்கே நேரலைக் கேமரா உண்டு. 2017 செப்டம்பர் 6 அன்று ஐந்தாம் வகைப் புயலான இர்மா அந்தத் தீவைத் தாக்கியபோது, ஒளிபரப்பு அறுந்துபோகும் வரை அந்தக் கேமரா புயலை உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

எந்தக் கடற்கரைக் கேமராவைத் திறந்தாலும் முதலில் மூலையில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். அது நகராமல் நின்றிருந்தால், நீங்கள் பார்ப்பது எப்போதோ எடுத்த படம்.